பன்னிரண்டாவது விடியல்

கோணேசபுரி. ஆய்வுகூடத்தின் கடைசி அறை.
சிவப்பு பல்ப்பின் கீழே
கண்ணாடிக் குழாய்மேல் பேனையால் கோடு போடுகிறேன்.
நேற்றைய கோட்டிலிருந்து மூன்று சென்ரிமீற்றர்.

பூசணம் சிவப்பை அறியாது.
என் கை, என் மூச்சு, குனிந்த முகம்
எதுவுமே அதற்கு நடக்கவில்லை.

நிஃமத்துல்லாவின் பேக்கரியில்
போறணைக்குப் பின்னால் மறந்த பாணில்
தோடம்பழ நிறத்தில் பூத்திருந்ததே,
அதன் உறவு.
தபாலில் வந்தது, கடிதவுறைக்குள், காய்ந்த தாள் துண்டாக.

இருட்டில் விட்டால்
அதன் நாள் இருபத்திரண்டு மணி நேரம்.
கச்சான் அடித்து அறை கொதித்தாலும் அதே,
மாரி மழையில் சுவர் நனைந்தாலும் அதே.
ஒவ்வொரு விடியலுக்கும் ஒரு செம்மஞ்சள் பட்டை.
என் பதினொரு நாளில்
அதற்குப் பன்னிரண்டு.
மிச்சமான அந்த ஒன்றை
எந்தக் கலண்டரில் எழுத?

உள்ளே ஒரு புரதம்
மஞ்சள் மூலக்கூறொன்றை ஏந்திக் காத்திருக்கிறது.
நீலம் பட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.
வெள்ளைக் கொலர் என்று அதற்குப் பெயர்.
அது பழுதான பூசணத்தில்
செம்மஞ்சளுக்குக் கீழே வெள்ளை வளையம் நின்றதாம்.
இல்லாதபோது தெரிந்ததை வைத்து
இருந்ததற்குப் பெயரிட்டார்கள்.

அது எழுப்பிவிடும் இன்னொன்று
மெல்லச் சேர்ந்து
எழுப்பியதன் வாயையே பொத்தும்.
பிறகு தானும் தேயும்.
அவ்வளவுதான் மணிக்கூடு. முள்ளில்லை.

கிருபைராசாவுக்குச் சீனக்குடா மாவாலையில் இரவு ஷிப்ட்.
ஒரே கட்டில்.
நான் எழும்ப அவன் படுப்பான்.
தலையணையின் சூட்டில்தான்
அவன் சுகமாயிருக்கிறான் என்று அறிகிறேன்.

ஒன்பதாம் இரவு கரண்ட் போனது.
காவலாளி சேனாரத்ன ஓடிவந்து கதவைத் தள்ளி,
"மிஸ், பயப்படாதீங்க" என்று
ரோர்ச் அடித்தார்.
இரண்டு செக்கன்.
ஆறாவது குழாய்மேல், முழுதாக.

மற்றக் குழாய்களில் விடியல்
வரவேண்டிய இடத்திலேயே வந்தது.
ஆறாவதில் மட்டும்
அரைச் சென்ரிமீற்றர் தள்ளி.
நாலு மணி நேரம்.
ஒருவர் இரண்டு செக்கன் இரக்கப்பட்டதற்கு
ஒரு உயிர் தன் காலையையே நகர்த்தி வைத்தது.

விதிப்படி எறிய வேண்டும்.
எறியவில்லை.
அட்டவணையில் எழுதினேன்:
குழாய் ஆறு. ரோர்ச். இரண்டு செக்கன். நல்லெண்ணம்.

வீடு வரும்போது கோட்டை வீதியில் மான்கள் படுத்திருந்தன,
ஓட்டோ ஹோர்னுக்கும் எழும்பாமல்.
ஜன்னலுக்குப் போர்வை கட்டி
நான் படுத்த பிறகு
அவன் வந்தான், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு.
கதவிடுக்கு வெளிச்சத்தில் ஒரு கணம்
கழுத்தைச் சுற்றி மா.

என்னை எழுப்பக்கூடாதென்று
இருட்டிலேயே சட்டையைக் கழற்றினான்.
கதிரையில் இடித்துக்கொண்டான்.
பல்லைக் கடிப்பது கேட்டது.

"லைற்றைப் போடு" என்றேன்.