செவ்வாய்க்கிழமை லாரி

லிமாவில் குடை விற்றுப் பிழைக்க முடியாது.
எவுலாலியா வீட்டுக் கூரை
பத்து வருடமாய் வெறும் தட்டி, அதன்மேல் ஒரு கல்.
மாடி எழுப்ப விட்ட கம்பிகளில்
பள்ளிச் சட்டை. வானம்
கழுதையின் அடிவயிறு.

வேலை உண்டு, இரண்டு பேருந்து தள்ளி:
யாரோ ஒருவரின் புல்தரைக்கு
தினமும் நீர் பாய்ச்சுவது.
இங்கே, மேட்டில், செவ்வாய்க்கிழமை லாரி.
பாத்திரம் கழுவிய நீர் தரைக்கு,
தரை கழுவியது தெருப்புழுதிக்கு.

மலைக்கே திரும்பிவிடேன் என்றால்
சிரிப்பாள்:
அங்கே மழை கொட்டும்.
இவனுக்குக் காய்ச்சல் வந்தால்
ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் நடை.

நேற்றிரவு தூறிவிட்டது.
மெத்தை நனைந்து, சுவிட்சில் பொறி பறந்து,
தெருவே சட்டிபானையோடு வெளியே.
நாக்கை நீட்டி நின்ற வில்மர் கேட்டான்:
அம்மா, இதுக்கு
லாரிக்காரருக்கு எவ்வளவு தரணும்?