இவன் ஒசரம்தான்

லாங் பஜாரில் மூன்றாவது கடை.
முதல் இரண்டிலும் பனியன் விலை கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.
எலுமிச்சை நிறம், இடுப்பில் நாடா வைத்த கவுன்.
"பாப்பா எங்க? அளவு பாக்கணுமே" என்றார் கடைக்காரர்.
"ஊட்ல இருக்குது. இவன் ஒசரம்தான்."
என் சுண்டுவிரலைப் பிடித்திருந்த நித்திலன்
விரலை விட்டான்.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
கீழே தண்ணீர் இல்லை. மணல்கூட அதிகமில்லை,
கருவேலம்தான்.
மடியில் பை. பையின் மேல் அவன் இரண்டு கையும்.
"யாரு நைனா அந்தப் பாப்பா?"

நான் வயர்மேன்.
எந்தக் கம்பியில் கரண்ட் ஓடுகிறதென்று
கீழே நின்றே சொல்வேன்.
இதற்குச் சொல்லத் தெரியாமல்
ஆற்றங்கரையைக் காட்டினேன்.

அம்மாவுக்கு மஞ்சள் காமாலை தெளிந்த வருசம்,
மயானக் கொள்ளைக்கு,
சிவப்புப் புடவை கட்டிக் கண்மை தீட்டி
அந்தக் கரையில்தான் அங்காளம்மனாய் நடந்தேன்.
பந்தோபஸ்துக்கு நின்ற ஏட்டையா
தொப்பியைக் கழற்றிவிட்டுக் காலில் விழுந்தார்.
வளையல் போட்ட கையால் திருநீறு பூசினேன்.
மறுநாள் மை முழுசாய்ப் போகாத கண்ணோடு
கம்பம் ஏறினேன்.
ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாசி வரட்டும்டா. உனக்கும் கட்டி உடறேன்.
யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

விருதம்பட்டு வரும்வரை யோசித்தான்.
"அது வேசம் நைனா.
எனக்குத் தொவச்சித் தொவச்சிப் போடற துணி வோணும்."

முதுகில் ஜிப். ஜிப்புக்கு மேலே
அரிசியளவு ஒரு கொக்கி.
இருபது வருசம் கட்டிங் பிளேயர் பிடித்துக் காய்த்த விரல்
ஐந்து தரம் நழுவியது.
கூசுது, கூசுது என்று நெளிந்தான்.
அக்குளில் பிடித்தது.
இல்லாத பாப்பாவுக்கு எடுத்த துணி
இருக்கிற பிள்ளைக்கு எப்படிச் சேரும்?
கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தான்.
சிரித்தான்.
பிறகு அதை மறந்துவிட்டு, பசிக்குது என்றான்.

தமயந்தி என்னோடு பேசி இரண்டு நாளாகியிருந்தது.
சோறு வடித்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:
"பில்லு வச்சிக்கினு இருக்கியா?
மாத்திக்கினு வா. ரெண்டு சைஸ் பெருசா.
வளர்ற புள்ள."

அதே கடை. அதே ஆள்.
"என்னங்க, பாப்பாவுக்குப் பத்தலையா?"

"பாப்பா இல்லைங்க.
எம் பையனுக்கு.
இதோ, இவனுக்குத்தான்."

ஃபேன் சுற்றியது.
துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.
என் காது மடல் சுட்டது. வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம்,
வேலூரில் அதற்கா பஞ்சம்.

நித்திலன் மட்டும்,
அளவெடுக்கத் தோதாய்,
இரண்டு கையையும் அகல விரித்து நின்றான்.

டேப் இன்னும்
கடைக்காரர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.