எட்டாவது பத்தி

ஆடி பத்து. இரவு இரண்டு இருபது.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று
கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருந்தது.
துணைமின் நிலையத்தின் பின்கதவுக்கு
ஒரு செங்கல், அதற்கு முட்டாக இன்னொரு செங்கல்.
மூன்றாவது ஒன்று கொண்டுவர வேண்டும்.

போன் அடித்தது.
சென்னைக் குரல். மரியாதையான, தூங்காத குரல்.
"மேடம், நாற்பது மெகாவாட் குறையுங்க."
எவ்வளவு நேரத்துக்கு?
"சொல்றோம்."

ஒக்கி வந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள் நான்,
டெல்பின் ரோஸ்லெட், இரவு ஷிப்ட்.
மூன்று பிரேக்கர்களைத் திறந்தேன்.
திறப்பது என்றால் எங்கள் பாஷையில் அடைப்பது.
முதல் மாதம் இதில் குழம்பி
கழிப்பறையில் போய் அழுதிருக்கிறேன்.

முப்பந்தல் பக்கம்
சிவப்பு விளக்குகள் அப்படியே மின்னின.
கீழே இருட்டில் இறக்கைகள்
காற்றுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றன,
கடன் கேட்டு வருகிறவனைக் கண்டதும்
தோளைத் திருப்பிக்கொள்கிறவர்களைப் போல.
காற்று கோபிக்கவில்லை.
கொண்டுவந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு
காவல்கிணறு பக்கம் இறங்கிப் போயிற்று.

அந்நேரம் எங்கோ ஒரு கரையில்
நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது.
அதை அணைக்க மாட்டார்கள்.
அணைத்தால் மறுபடி மூட்ட நேரமாகும்,
ஒப்பந்தம் இருக்கிறது, கப்பல் வந்து நிற்கிறது.
காலையில் ஊர் எழுந்து மோட்டார் போடும்போது
காற்று இருக்குமா என்று அவர்களுக்குத் தெரியாது.
எனக்கும்தான் தெரியாது.
எல்லாம் புரிகிறது.
புரிந்ததனால்
போன புகை திரும்பிக் குழாய்க்குள் இறங்குவதில்லை.

மூன்று மணிக்குத் தோவாளையிலிருந்து சுயம்புகனி அக்கா.
"ஏ பிள்ளே, காத்து இந்தப் போடு போடுது,
எங்க தெருவுல கரண்ட் இல்லியே?
பிச்சிப்பூ பத்து மூடை கிடக்கு,
இருட்டுல எப்பிடித் தரம் பிரிக்க?"
மரம் கம்பியில விழுந்திருக்கும்க்கா, என்றேன்.
அதுதான் உண்மையும்.
"அங்கன அத்தன காத்தாடி நிக்கே,
ஒண்ண இங்கோட்டுத் திருப்பி விடேன்."
அவள் சிரித்தாள்.
நான் சிரிக்காதது போனில் கேட்டிருக்கும்.

பதிவேட்டில் ஏழு பத்திகள்.
தேதி, நேரம், ஃபீடர், குறைத்த அளவு,
சொன்னவர், காரணம், கையெழுத்து.
காரணத்தில் மேலிட உத்தரவு, மேலிட உத்தரவு என்று
எழுதி எழுதி இரண்டு சொல்லும் ஒட்டிப்போய்
இப்போது ஒரே கிறுக்கல்.
வந்து காத்திருந்த காற்றை எழுத
ஒரு கட்டம்கூட அச்சடிக்கவில்லை யாரும்.

பென்சில் இருந்தது. ஸ்கேல் இல்லை.
ரேஷன் கார்டை அணைத்து வைத்து
ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன், கொஞ்சம் கோணல்.
தலைப்பு: வாங்காதது.
ஆறரைக்குத்தான் "போடலாம் மேடம்" வந்தது.
நாற்பது மெகாவாட், நாலு மணி பத்து நிமிஷம்.
ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் யூனிட், சில்லறை.
எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இருநூறு.
வகுத்துப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

மூன்று நாள் லீவு முடிந்து வந்தேன்.
ஏ.இ. அழித்திருப்பார், மெமோ இருக்கும் என்று
பக்கத்தைப் புரட்டினால்
பென்சில் கோடு அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது,
ஸ்கேல் வைத்து, நேராக.
கீழே மூன்று எண்கள். என் எழுத்தில்லை.
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவன்
இங்கே ஒருவன்தான், பகல் ஷிப்ட் ஐயாக்குட்டி.
இத்தனை வருஷத்தில் என்னிடம் அவன் பேசியது
மொத்தமே ஐந்தாறு வாக்கியம்,
எல்லாம் சாவியைப் பற்றி.

பின்கதவு அடித்துக்கொள்ளவில்லையே என்று போய்ப் பார்த்தேன்.
மூன்றாவது செங்கல்லும் வந்திருந்தது.