ஏழாம் கேள்வி

ஒரு விடைக்கு முப்பத்தொரு பென்ஸ்.
இரவு ஒன்பதுக்கு மேல், துணி துவைக்கும் இயந்திரம்
கடைசி முறை உதறி ஓய்ந்ததும்
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
புவியியல். ஏழாம் கேள்வி. எனக்கு வருவது அது மட்டும்தான்.
பெயர் கிடையாது, பள்ளி கிடையாது.
தாளிலிருந்து நறுக்கிய ஒரு துண்டு,
அதில் ஒரு பிள்ளையின் கையெழுத்து.

வெள்ளத்தின் விளைவுகளை
ஓர் இடத்தைக் குறிப்பிட்டு விளக்குக. நான்கு மதிப்பெண்.

முதல் கை சாய்ந்து ஓடுகிறது, மை ஊற்றிய பேனா.
'கடந்த ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள்
ஐஸ்லாந்து சென்றிருந்தோம். அங்கே
பனிப்பாறைக்கு அடியில் எரிமலை விழிக்கும்போது...'
'இதன் விளைவாக' என்று பத்தி பிரிக்கிறது,
'எனினும்' என்று திரும்புகிறது,
கடைசிக் கோட்டில் மிகச் சரியாக நிற்கிறது.
இடப்பெயர்: ஒன்று. மொத்தம்: நான்கு.

அடுத்த கை தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்துகிறது.
'கால்டர் ஆறு. எங்க தெரு.
நாய் சமையல் மேசை மேல ஏறி நின்னுச்சு.
அம்மா கார்ப்பெட்டை வெட்டி வெட்டி வெளிய போட்டாங்க.
இன்ஷூரன்ஸ் இல்ல, எங்க தெருவுக்குத் தர மாட்டாங்க.
செவுத்துல கோடு இன்னும் இருக்கு.
அப்ப என் தலைக்கு மேல. இப்ப தோள் வரைக்கும்.'
இடப்பெயர்: ஒன்று.

சமூக விளைவு எங்கே என்று கேட்கிறது
பன்னிரண்டு பக்கத் திருத்தக் குறிப்பு.
நாய் சமூக விளைவா?
தேடிப் பார்த்தேன். நாயைப் பற்றி எதுவும் இல்லை.
அம்மாவுக்கு ஒன்று சேர்த்தேன். இரண்டு.
அனுப்பு.

பகலில் நான் மலையடிவார அரசுப் பள்ளியில்
'இதன் விளைவாக' என்பதைப் பலகையில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிடுகிறவள்.
முப்பத்திரண்டு பேர், பத்தொன்பது புத்தகம்.
மழை பெய்தால் பி-பிரிவு வாசலில் ஒரு வாளி.
டெமி-லீ எட்டு மணிக்கே வந்துவிடுவாள்
ரொட்டி கிடைக்கும் என்று.

மாடியில் என் மகன் காலெப் தூங்குகிறான்.
நாற்காலி முதுகில் அவனுடைய ஊதா கோட்,
பொன் நூலில் லத்தீன் வாசகம்.
எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு முழுக்க
அவன் பேசாமலே இருந்தான்.
அதுதான் காரணம்; யாரும் கேட்காவிட்டாலும்
எனக்கு நானே சொல்லிக்கொள்வது.
ஆசிரியர் அறையில் கேட்டால்
'ஹடர்ஸ்ஃபீல்ட் பக்கம்' என்று சொல்லிவிட்டுக்
கெட்டிலை நிரப்பப் போய்விடுவேன்.
'நீ சமைக்கிறதை நீயே சாப்பிட மாட்டியா?'
என்றான் நீல், ஒரே ஒரு முறை.
அதன்பின் பேருந்துப் பணிமனையில் சனிக்கிழமையும் வேலை கேட்டு வாங்கினான்.

இப்போது காலெப் பேசுகிறான். வாதம்கூடச் செய்கிறான்.
'எனினும் அம்மா' என்று தொடங்குகிறான்.

ஆயிரத்து ஐந்நூறு வெள்ளம் திருத்தினால்
நானூற்று அறுபத்தைந்து பவுண்ட்.
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில்
அவன் பள்ளி அனுப்பிய கடிதம்:
ஈஸ்டர் கல்விச் சுற்றுலா, ஐஸ்லாந்து,
வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம்.

திரும்பிப் போக ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன். மறுபடி நாய், மறுபடி கார்ப்பெட்.
இன்ஷூரன்ஸ்.
பொருளாதார விளைவு. குறிப்பில், நான்காம் பக்கத்தில்,
அந்தச் சொல்லே அச்சாகி இருக்கிறது.
மூன்று.
இது இரக்கம் இல்லை.
முதலில் வாசித்தபோது
நான் பார்க்காமல் விட்டது.

இதைப் போல் இன்று எத்தனை விட்டேன்?
பொத்தான் ஐந்து விடை வரைக்கும்தான் பின்னால் போகும்.

அடுத்தது.
வெறும் கோடுகள். ஒரு சொல்கூட இல்லை.
ஓரத்தில் பென்சிலில் ஒரு மீன்,
செதில் செதிலாக, பொறுமையாக வரைந்தது.
பூஜ்யம்.
முப்பத்தொரு பென்ஸ்.