நான்காம் வளையத்தின் எழுத்தர்

அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.
ஹாமர் நகரத்துப் பனிச்சறுக்கு அரங்கில்
பனியை உருக்கிவிட்டுப் பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறார்கள்.
குளிர் மட்டும் அடியிலேயே கிடக்கிறது,
காலணி வழியே ஏறுகிறது.

எண் இருபத்தேழு. லுண்டேஹுண்ட். ஆண். மூன்று வயது.
சோல்வி குவால்னெஸ் மேசைமேல் தூக்கி நிறுத்துகிறாள்.
நடுவர் ஆனொன்சென் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக்
கையால் பார்க்கத் தொடங்குகிறார்.

'தலை ஆப்பு வடிவம், நன்று.
கண் மஞ்சள் கலந்த பழுப்பு.
பல் இரண்டு குறைவு; இந்த இனத்தில் அது குறையன்று.
காது...'

தொட்டதும் காது தானாக மடிந்து மூடிக்கொண்டது,
கடித உறையை ஒட்டுவதுபோல்.
பாறை இடுக்கில் சொட்டும் நீர் உள்ளே போகாமலிருக்க.
இங்கே சொட்டுவது ஒலிபெருக்கி மட்டும்:
நீல நிற வேன் யாருடையது, வழியை மறித்து நிற்கிறது.

பிறகு பாதம்.
ஒவ்வொன்றாகத் தூக்கி
மீதிச் சில்லறை எண்ணுபவர்போல்
உதடு அசையாமல் எண்ணுகிறார்.
ஆறு. ஆறு. ஆறு.
நான்காவதை இரண்டு முறை.
ஆறு.

செங்குத்துப் பாறையில் தொற்றி ஏறிப்
பொந்துக்குள் ஊர்ந்து
பஃபின் பறவையை உயிரோடு கவ்வி வர அந்த விரல்.
அந்தப் பறவையை இன்று தொட்டால் அபராதம்.
வேலை போய்விட்டது, விரல் இருக்கிறது;
விரல் இல்லையென்றால் நாடா இல்லை.

கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபின்
எஞ்சியவை ஆறே நாய்கள் என்பார்கள்,
அவற்றிலும் ஐந்து நெருங்கிய சொந்தம்.
தன் மூதாதையர் அத்தனை பேரையும்
ஒரே பாதத்தில் எண்ணி முடித்துவிடும் நாய்.

நடுவரின் கை விலாவுக்கு வந்தது.
நின்றது.
சோல்வி முடியைச் சீவி, ஊதி, உயர்த்தி வைத்திருந்தாள்;
அதற்கடியில் எலும்புகள் தனித்தனியாக.
குடல் நோய். இந்த வளையத்தைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தின்றது உடம்பில் ஒட்டாது.
காலையில் காப்பி வாங்கப் போனபோது பார்த்தேன்,
நீல நிற வேனின் பின்கதவில் உட்கார்ந்து
வேகவைத்த மீனை முள் பார்த்து முள் பார்த்து
அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

'உடல்...' என்றார்.
பேனா காத்திருந்தது.
'உடல், சற்றே மெலிவு.'
அந்தச் 'சற்றே'யை
எந்தச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார் தெரியவில்லை.
எழுதினேன்.
'நடை, இனத்துக்குரியது. மொத்தத்தில் மிகச் சிறப்பு.'

கயிற்றுக்கு வெளியே அவள் மகன் மடியில் இன்னொன்று.
தாய்வழியில் புஹுண்ட் கலந்த பெட்டை, ஒன்பது மாதம்.
எண் இல்லை.
பையனின் சாசேஜில் பாதி அதன் வாய்க்குள் போயிருந்தது;
போனது போன இடத்தில் தங்கும் உடம்பு அது,
பார்த்தாலே தெரிந்தது.

நாடாவைக் கட்டிவிட்டு ஆனொன்சென்
கயிற்றுக்கு இப்பால் குந்தினார்.
இடது பின்னங்காலைக் கையில் ஏந்தினார்.
முதல் முறையாக உதடு அசைந்தது.
'ஐந்து.'

என்னிடம் சொன்னாரா, பையனிடமா?
பழகிய கை. இருபத்தேழின் தாளோரத்தில் எழுதிவிட்டது.
மூன்று படி: உரிமையாளருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று,
ஆஸ்லோவுக்கு ஒன்று.
கார்பனில் இறங்கியதை அடித்தால் அவர் கையொப்பம் வேண்டும்.
'அடிக்கவா?' என்றேன்.
முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார்.
'அடுத்தது யார்?'

சோல்வி தாளை வாங்கிப் படித்தாள்.
ஓரத்தில் அவள் கட்டைவிரல் நின்றது.
'இது யாருடைய கால்?'

இருபத்தேழு கம்பளத்தில்
முன்னங்கால்களைப் பக்கவாட்டில் விரித்துப் படுத்திருந்தது.
அவள் தாளை நாலாய் மடித்து
மீன் டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடினாள்.

இருபத்தெட்டு எங்கே என்று கத்துவதும்
என் வேலைதான்.
கத்தினேன்.