பிடித்தவர்

வேலை எண்ணுவதுதான்.
பதினேழாம் ஓலையைக் கொக்கியால் இழுத்து இறக்கி
பைப்புழு எத்தனை என்று பார்க்க வேண்டும்.
பத்தைத் தாண்டினால் மருந்து லாரி.
தாண்டாவிட்டால் மண்டோர் ஞானமுத்து
என் பாரத்தில் கையெழுத்தை இழுத்துவிட்டு
லாபிஸ் டவுனுக்குக் கோப்பி குடிக்கப் போவார்.

பாரத்தில் இரண்டே கட்டம்:
உயிரோடு இருப்பது, செத்தது.
ஓலையின் அடிப்பக்கம்
உடைந்த வளையல்போல் ஒன்று
மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்
எழுத இடமில்லை.
அதனால் பின்பக்கத்தில் எழுதினேன்.

பெயர் தெரியாததற்கெல்லாம் நானே வைத்தேன்.
மில் சங்கு ஊதியதும் வருவது சங்குக்காரி.
விரட்டினாலும் மறுநாள் அதே ஓலையில் தவணைக்காரன்.
புள்ளிகள் எல்லாம் பாதி அழிந்தது, சம்பளச் சீட்டு.
இரண்டு வருடம் ஒரே பெயரில் எழுதிய இருவர்
வேறு வேறு ஆட்கள் என்று பிறகு தெரிந்தது.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடித்து எழுதினேன்.

சனி இரவு பெட்ரோல் ஸ்டேஷன் சுவரில்
வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவேன்.
கல்லாவில் இருக்கும் ஹபீபுல் வெளியே வந்து
என்ன தொலைத்தீர்கள் அக்கா என்பான்.
தொலைக்கவில்லை தம்பி, இன்னும் கிடைக்கவே இல்லை.
ஒருநாள் அவன் சட்டைப் பையில் ஏறி
பேட்ஜ்போல் உட்கார்ந்தது ஒன்று.
லாரிக்காரனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும்வரை
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

மிஸ் குவேக் மருந்துக் கணக்குப் பார்க்க வந்தவர்.
முன்பக்கத்தை மூன்று நிமிடம் பார்த்தார்.
பின்பக்கத்தைச் சாயங்காலம் வரை.
முப்பத்தொன்றை முக்கோணக் காகிதங்களில்
மடித்து எடுத்துப் போனார்.

ஐந்து மாதம் கழித்துக் கடிதம்:
முப்பதுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது.
(என் தவணைக்காரனுக்கு நூறு வருடமாக
லத்தீனில் ஒரு பெயராம். அவனுக்கே தெரியாது.)
ஒன்றுக்கு இல்லை.
கட்டைவிரல் நகமளவு, பச்சை, ஓரத்தில் செங்காவி.
கிடைத்திருப்பது பெண்.
ஆண் ஒன்று வந்தால்தான் இன்னதென்று சொல்ல முடியும்.

சிரித்துவிட்டேன்.
பதிவிலாகாவிலும் இதையேதான் சொல்கிறார்கள்.
அம்மாவிடம் பத்திரம் எதுவும் இருந்ததில்லை.
அப்பா பத்திரத்தைக் கொண்டு வா,
அவர்கள் கல்யாணப் பத்திரத்தைக் கொண்டு வா.
நாற்பத்து மூன்று வயதாகியும்
பச்சையம்மாளுக்குச் சிவப்பு ஐசி
என்பார் ஞானமுத்து, கோப்பிக் கடையில், எல்லோருக்கும் கேட்க.

கடிதத்தோடு ஒரு படம்.
ஊசியில் நிற்கிறது என் பச்சை.
அந்த ஊசி என்னை உறுத்தியது. இன்னும் உறுத்துகிறது.
அதன் கீழே இரண்டு அரிசி நீளத்தில் சீட்டு,
எறும்பு எழுத்து:
மலேசியா, ஜொகூர், லாபிஸ்.
செம்பனை ஓலை அடியில். மார்ச் பதினான்கு.
பிறகு என் பெயர்.
பெயருக்கு முன்னால் இருந்த ஆங்கிலச் சொல்லைப்
பிடித்தவர் என்று படித்துக்கொண்டேன்,
இரண்டு அர்த்தத்திலும்.
நம்பர் கேட்கவில்லை அந்தச் சீட்டு.
யார் மகள் என்றும்.

நேற்று செகாமாட் பதிவிலாகா. எட்டாவது தடவை.
கையில் 2047.
வரிசையில் நிற்கவும் என்ற அறிவிப்பின் மேல்
குழல்விளக்கை ஒட்டி
பச்சை.
செங்காவி ஓரம்.
மீசை, சீப்புச் சீப்பாய்.

பையில் காகிதம் தேடினேன்.
எல்லாம் நகல் எடுத்த பத்திரங்கள்,
மடிக்க மனம் வரவில்லை.
நாற்காலி மேல் ஏறினேன்.
காவலர் கத்தினார். யாருடைய குழந்தையோ கைதட்டியது.

இரண்டாயிரத்து நாற்பத்தேழு, கவுண்டர் ஐந்து.

நம்பர் சீட்டு, என்று கை நீட்டினாள் அந்தப் பெண்.
முக்கோணத்தை மேசைமேல் வைத்தேன்,
விரலை எடுக்காமல்.
உள்ளே படபடத்தது.
அவளுக்கும் கேட்டது.