திரும்பி வந்த முட்டை

காலை ஆறே முக்காலுக்குப் படியேறி வந்தாள் கீழ்வீட்டு ஜெசிந்தா.
கையில் எவர்சில்வர் கிண்ணம், மேலே தட்டு மூடி,
செத்த எதையோ தூக்கி வருகிறவளின் நடை.
"பாருக்கா. ரத்தம்."

பார்த்தேன்.
மஞ்சள் கருவின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு.
காசைத் திருப்பிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதினைந்து ரூபாயோடு முடிந்திருக்கும்.

அஸ்தம்பட்டியில் மொட்டைமாடியில் கோழி வளர்த்தால்
முதலில் வருவது புகார்,
வாடிக்கை பிறகுதான்.
சேவல் இல்லை, ஜெசிந்தா.
தெருவையே நாலு மணிக்கு எழுப்புகிறதென்று
தை மாதமே ஆத்தூர்க்காரரிடம் பிடித்துக் கொடுத்தாயிற்று.
உனக்கும் தெரியும்,
கூடையைக் கட்டக் கயிறு தந்தது நீதான்.
அதனால் இது குஞ்சு இல்லை.
கரு கழன்று இறங்குகையில்
மயிரிழை நரம்பொன்று அறுந்திருக்கும்.
அவசரமாய்ச் சேலை கட்டும்போது
ஊக்கு குத்துமே, அந்த அளவு.

அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

போன வாரம் வெள்ளையாய்ச் சுருண்டு கிடந்ததைப் புழு என்றாய்.
புழு இல்லை, கயிறு.
கரு ஓட்டில் மோதாமல் நடுவில் நிற்க
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று
முட்டை தனக்குத்தானே முறுக்கிக்கொண்டது.
முட்டை பழசாகப் பழசாக அது தளர்ந்து கரைந்துவிடும்.
வெள்ளைக்கரு கஞ்சித்தண்ணியாய்க் கலங்கியிருந்தால்
நேற்று இட்டது.
கண்ணாடியாய்த் தெளிந்திருந்தால்
எங்கேயோ அட்டையில் அடுக்கி நாள்பட இருந்தது.
அவித்தால் ஓடு சதையைப் பிய்த்துக்கொண்டு வருகிறதா?
திட்டாதே, அதுவும் புதுசின் குணம்தான்.
முருங்கைக்கீரை போட்ட வாரம் கரு செம்மஞ்சள்,
வெறும் கம்பு போட்ட வாரம் வெளிர்.
மல்கோவா என்று நான் பேர் வைத்த மஞ்சள்கால் கோழி
இப்போதுதான் இட ஆரம்பித்திருக்கிறாள்.
முதல் முட்டை கோலிக்குண்டு அளவு, உள்ளே கருவே இல்லை.
இரண்டாவதில் இரண்டு கரு.
அவளுக்கே இன்னும் கணக்குப் பிடிபடவில்லை.

சொல்லிக்கொண்டே வந்தவள்
என் குரலைக் கேட்டுச் சற்று நின்றேன்.
வேலையிடத்தில் எனக்கு இல்லாத குரல்.

ஐந்து ரோட்டில் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கிறேன்.
டாக்டர் சொல்லச் சொல்ல
அளவு நார்மல், வடிவம் நார்மல், ஓரங்கள் நார்மல்.
ஒரு நாளைக்கு நாற்பது பேரின் உட்புறம்
என் பத்து விரல் வழியாய்க் காகிதமாகும்.
உறையை வாங்கும் கை நடுங்கும்.
"பெருசா ஒண்ணும் இல்லையேம்மா?"
எனக்குத் தெரியும்.
"டாக்டர்கிட்ட காட்டுங்க"
என்பதற்குத்தான் சம்பளம்.

வியாழக்கிழமை இருபத்தேழாவது பேர் ஜெசிந்தா.
வயது முப்பத்தெட்டு.
முதல் இரண்டு வரியும் நார்மல்.
மூன்றாவது வரியில் ஒன்றரை சென்டிமீட்டர்,
ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கவும்.
அடித்தது நான் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாது.
தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.
முட்டையைப் பார்க்கவேயில்லை அவள்,
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டுச் சன்னலில் சேர்வராயன் மலை தெரியவில்லை.
மேகம்.
நேற்று ராத்திரி கொண்டை ஊசி வளைவுகளில்
வண்டி விளக்குகள் ஏறுவது ஒவ்வொன்றாய்த் தெரிந்தது.

கரண்டி நுனியால் சிவப்பை எடுத்தேன்.
எடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது,
ஆனாலும் அவள் பார்க்க எடுத்தேன்.
அடுப்பைப் பற்ற வைத்து
"நாலு சின்ன வெங்காயம் உரி" என்றேன்.
உரித்தாள். ஐந்து உரித்தாள்.
வெங்காயமாவது இருந்ததே எங்கள் கண்ணுக்கு.

"பச்சையா இருந்தா சொல்லு.
இளஞ்சிவப்பா கலங்கியிருந்தா, நாறினா
உடனே கொட்டிடு.
மத்ததெல்லாம்..."

அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.
அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.
மேலே மல்கோவா இட்டுவிட்டு ஊரைக் கூட்டினாள்.

"மத்ததெல்லாம் சாப்பிடலாம், ஜெசிந்தா.
உட்காரு."